ரோதைமுனிக்கு வைத்த போத்தல்

1962 பெப்ரவரி 11

தங்கை பூரணி பஸ் கொண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். "அவரு ரத்தமா வாந்தி எடுக்கிறாரு, அண்ணன வரச் சொல்லுங்க." ஹட்டன் நீதிமன்றச் செய்தியைத் தந்தியில் அனுப்பிவிட்டு லிந்துலைக்குப் போனேன்.

அவள் கணவர் நல்லமுத்து தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க மச்சான். ஹட்டன்ல மழையா?" என்றார். இரத்தம் கக்கிய மனிதர் கேட்கிற கேள்வி.

மருந்துக்காரர் லியனார்டைத் தோட்டத்தில் எல்லோரும் டாக்டரையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னை வெளியே கூட்டிப்போனார். "நீங்க பேப்பர்காரரு, ஒங்ககிட்ட சுத்தி வளைக்கல. ஈரல் போயிக்கிட்டிருக்கு. இப்பிடியே குடிச்சாரு, அடுத்த தைப்பொங்கல் பாக்க மாட்டாரு. நிப்பாட்டுனா பொழைக்கலாம். ஆனா அவரால தனியா நிப்பாட்ட முடியாது. வீடே சேர்ந்து நிக்கணும்."

வீடு என்றால் யார்? பூரணி, மகள் அழகம்மா, ஹட்டனில் இருக்கும் நான். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு காம்பரா, ஒற்றை அறை. அதன் முன்னால் இறங்கும் பாதை நேராகச் சாராயத் தவறணைக்குப் போகிறது.

எழுதத் தொடங்கி இருபத்தைந்து வருடம். எத்தனை மரண விசாரணைகளில் உட்கார்ந்து ஈரலைப் பற்றிக் குறிப்பெடுத்திருக்கிறேன். நிறுத்தினவர் யாரையாவது பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேனா? நினைவில்லை.

பெப்ரவரி 18

லியனார்ட் சொன்ன மாத்திரையைக் கொழும்பில் ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தேன். தினமும் ஒன்று. இதைப் போட்டிருப்பவர் ஒரு மிடறு சாராயம் குடித்தால் முகம் சிவந்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்றே தோன்றுமாம். அதிகம் குடித்தால் தோன்றுவது மட்டுமல்ல. அந்தப் பயம்தான் மருந்து. வீட்டிலுள்ள ஒருவர் கையால் கொடுக்க வேண்டும். வாங்குகிறவருக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாது.

நால்வரும் காம்பராவில் உட்கார்ந்து பேசினோம். மாத்திரை பூரணியின் பொறுப்பு. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அவருக்கு யந்திர வேலை. அது முடிகிற நேரம் அழகம்மா வாசலில் நின்று, தவறணையைத் தொடாத மேல் மலைப் பாதை வழியாக அப்பாவைக் கூட்டி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான்.

"ரிமாண்டு கைதியக் கூட்டிட்டுப் போற மாதிரியில்ல இருக்கு," என்றார் நல்லமுத்து.

"கைதின்னா ரெண்டு பொலிஸ் வரும். நான் ஒருத்திதானே வாறேன்," என்றாள் அழகம்மா.

அவர் சிரித்தார். பிறகு மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு, பூரணி கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார். நாற்பத்தைந்து வயது மனிதர், மகளுக்கு முன்னால்.

பெப்ரவரி 25

கை நடுக்கத்தில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. பூரணி பிடித்துக் குடிக்க வைத்தாள். சுவரில் அட்டை ஊர்கிறது என்று இரவெல்லாம் தட்டிவிட்டாராம். சுவரில் ஒன்றுமில்லை.

மார்ச் 18

இன்னும் குடிக்கவில்லை. நம்பிக்கை என்று எழுத மனம் வரவில்லை. குடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 15

புது வருடத்துக்கு மறுநாள். லயம் முழுக்கப் போதை. நல்லமுத்து கூரைத் தகரத்தில் ஏறி ஒழுகல் அடைத்துக்கொண்டிருந்தார். கீழே போகிற ஒருவன் கூப்பிட்டான். "என்னண்ணே, பொண்டாட்டி ஏணிய எடுத்துட்டாளா?"

"எடுக்கல தம்பி. நீ விழுந்தா தூக்கிட்டுப் போக வேணும்னு வச்சிருக்கா."

பூரணி அடுப்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்துப் பல வருடம்.

ஜூன் 10

மூன்று மாதம் தாண்டிவிட்டது. முகத்தில் சதை பிடித்திருக்கிறது. லியனார்ட் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "பரவாயில்லையே," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய சொல்.

நான் புறப்படும்போது பூரணி தண்ணீர் பிடிக்கிற பீலி வரைக்கும் கூட வந்தாள். குடத்தைத் தண்ணீருக்குக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருசத்துக்கு முந்தி ரோதைமுனிக்கு நேந்துக்கிட்டேன். அவரு குடிய விட்டா சேவல் அறுத்துப் படையல் போடுறேன்னு."

"போடு. அதுக்கென்ன?"

"சேவலு, சுருட்டு, ஒரு போத்தல் சாராயம்."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான்தான் எடுத்து வைத்தேன். குடியை விட்டதற்கு நன்றியாகச் சாராயம். அவளுக்கு அது விசித்திரமாகவே படவில்லை. ரோதை என்றால் யந்திரச் சக்கரம்; ரோதைமுனி தேயிலை அரைக்கும் யந்திரங்களைக் காக்கிற சாமி. ஸ்டோர்க்காரர்கள் எந்தக் காலத்திலும் அதற்குச் சாராயம்தான் வைக்கிறார்கள். சாமிக்குப் பிடித்ததைத்தானே நேர முடியும்?

"சோடா வச்சுரு பூரணி."

"முனிய ஏமாத்தச் சொல்றீங்களா? ரோதைக்குள்ள கைய விட்டு வேல செய்யிற மனுசன் அவரு."

ஜூன் 24

லியனார்டைப் பார்த்துக் கேட்டேன். "ஒதட்டுல பட்டாலும் ஆபத்துதான். அவரு அந்தப் பக்கமே போகக் கூடாது," என்றார். பூசாரி பொன்னையாவிடமும் பேசினேன். பகலில் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். "அவரு தள்ளி நிக்கட்டும். வேற ஆளு வாங்கிக்கட்டும்," என்று ஒத்துக்கொண்டார். பூரணியும் சம்மதித்தாள்.

ஜூலை 6, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஸ்டோருக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்தில் ரோதைமுனியின் கல். மாலை வேலை முடிந்து ஸ்டோர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளையும் வந்தார். வாழை இலையில் சோறு, சேவல் கறி, சுருட்டு, போத்தல், கிளாஸ். அடிக்க இரண்டு தப்பு மேளம். நல்லமுத்து சொன்னபடி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றார். அழகம்மா அவர் கையைப் பிடித்திருந்தாள்.

பொன்னையா கற்பூரம் காட்டினார். கிளாஸில் ஊற்றிக் கல்லின் மேல் கொஞ்சம் தெளித்தார். மீதியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாருக்காக நேந்தது?" என்றார் கூட்டத்திலிருந்த ஒரு கிழவர்.

"நல்லமுத்துக்கு."

"அப்ப அவன்தானே மொதல்ல வாங்கணும்."

பொன்னையா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. ஆனால் முதல் ஆள் வாங்காமல் இலையை எடுக்க முடியாது. இலையை எடுக்காமல் யாரும் சாப்பிட முடியாது. பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள். யாரும் அதட்டவில்லை. சும்மா நின்றார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கடைசியில் பொன்னையா சொன்னார்: "முனி காத்துக்கிட்டிருக்கு நல்லமுத்து. நாளைக்கு ஸ்டோர்ல யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?"

நல்லமுத்து மகளின் கையை விடுவித்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினார்.

"வேணாங்க," என்றாள் பூரணி.

"உள்ளங்கையில ஒரு சொட்டு புள்ள. முனிக்குத் தெரியாதா?"

ஒரு சொட்டு இல்லை. பொன்னையா உள்ளங்கை நிறைய ஊற்றினார். நல்லமுத்து குடித்துவிட்டு விரல்களை நக்கினார். நான் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்தது பயமில்லை.

கொஞ்ச நேரத்தில் கழுத்திலிருந்து நெற்றிவரை செம்பருத்திப் பூ நிறம். கண் சிவந்து பிதுங்கியது. மூச்சு விசிலடித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் விழுந்து துடித்தார். நான் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன். என்னை இழுத்துத் தள்ளினார்கள்.

"தொடாதீங்க. முனி வந்துருச்சு."

பெண்கள் குலவையிட்டார்கள். தப்பு வேகமாயிற்று. ஐயோ, மனுசன் சாகுறான்யா, மாத்திர போட்டிருக்கான்யா, டாக்டரக் கூப்பிடுங்கய்யான்னு கத்துறேன் — யார் காதிலயும் விழல. கணக்கப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். மூச்சுக்குத் தவிக்கிற மனிதனின் கையில் திருநீற்றுத் தட்டை வைத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

அழகம்மா ஓடியிருக்கிறாள். லியனார்டை அவள்தான் கூட்டி வந்தாள்.

ஜூலை 7

உயிர் இருக்கிறது. ஊசி போட்டு, விடிய விடியப் பக்கத்திலேயே லியனார்ட் இருந்தார். "நல்லா இருந்த ஈரலும் இல்ல, நல்லா இருந்த நெஞ்சும் இல்ல. பொழைச்சது அதிசயம்," என்றார். அந்தச் சொல்லை வேறு யார் முன்னாலும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 8

நேற்று மாலை ஸ்டோரில் அரைக்கும் அறையின் பெரிய பெல்ட் அறுந்து, ஆட்கள் நிற்கிற இடத்தையெல்லாம் அடித்து நொறுக்கியிருக்கிறது. ஒருவருக்கும் காயமில்லை. அங்கே நிற்க வேண்டிய ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு, முனி வந்த மனிதரைப் பார்க்க ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார்கள்.

யந்திரம் பார்க்கிறவரிடம் விசாரித்தேன். பழைய பெல்ட், மாற்றச் சொல்லி எப்போதோ சொல்லியாயிற்று, இன்றைக்கோ நாளைக்கோ அறுந்திருக்கும் என்றார். பேப்பருக்கு இரண்டு வரி அனுப்பினேன்: பெல்ட் அறுந்தது, எவருக்கும் காயமில்லை.

தோட்டத்தில் அதே செய்தி வேறு மாதிரி ஓடுகிறது. முனி நல்லமுத்து மேல் வந்து ஆட்களை வெளியே இழுத்துக்கொண்டது. என்ன சொல்லி மறுப்பேன்? ஆட்கள் வெளியே இருந்தது உண்மை. அவரால் வெளியே இருந்தது உண்மை.

ஜூலை 15

வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் கோலம், நாங்கள் யாரும் போடாதது. பொன்னையாவும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாமியெல்லாம் ஒண்ணும் வரல மச்சான்," என்று எல்லோர் முன்னாலும் சொன்னார் நல்லமுத்து. "நெஞ்ச அடச்சுச்சு. மூச்சு வரல. மாத்திரயோட சேட்ட."

பொன்னையா சிரித்தார். "எறங்குன ஆளுக்கு எப்பவும் தெரியாதுய்யா. தெரிஞ்சுச்சுன்னாத்தான் அது பொய்."

இதற்கு மேல் நல்லமுத்து என்ன சொன்னாலும் முனி வந்ததற்குச் சாட்சிதான்.

ஜூலை 22

லியனார்ட் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு லயம் லயமாகப் போய் விளக்கினார். பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் கொழுந்தெடுக்கும் காளியாயி சொன்னாள்: "அப்ப முனி அந்த மாத்திரைக்குள்ள ஏறி வந்திருக்கும் ஐயா. அதுக்கு எது வழின்னு நாம சொல்ல முடியுமா?"

லியனார்ட் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஆகஸ்ட் 5

வெள்ளிக்கிழமை வீட்டு வாசலிலேயே படையல் வைத்தார்களாம். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். திருநீறு கேட்டு வந்தவர்கள் போத்தலோடு வந்திருக்கிறார்கள். முனிக்கு வைத்ததை முனி இறங்குகிறவர் குடிக்காவிட்டால் கேட்டது பலிக்காது.

"குடிச்சாரா?" என்றேன்.

"குடிச்சாரு," என்றாள் பூரணி.

"ஒண்ணும் ஆகலையா? மாத்திர?"

அடுப்பை ஊதிக்கொண்டே பதில் சொன்னாள். "மாத்திரயும் சாராயமும் சேந்தா செத்துருவாருன்னு டாக்டரையாதானே சொன்னாரு. சாராயத்த என்னால நிப்பாட்ட முடியாதுண்ணே. வாசல்ல அத்தன பேரு நிக்கிறாங்க. அதான் மாத்திரய நிப்பாட்டிட்டேன்."

அவரைச் சாகவிடாமல் காக்கத்தான் செய்திருக்கிறாள். கோபிக்க முடியவில்லை. ஹட்டன் வரும்வரை அவள் சொன்னதில் எங்கே பிசகு என்று தேடினேன். ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 26

அழகம்மா இப்போது ஸ்டோர் வாசலில் போய் நிற்பதில்லை. மேல் மலைப் பாதைக்கும் தேவையில்லை. தவறணையே வீட்டுக்கு வருகிறது.

செப்டம்பர் 16

கணக்கப்பிள்ளை வந்திருந்தார். மகனுக்கு வயிற்று வலி. நல்லமுத்துவை யந்திரத்திலிருந்து மாற்றி, உட்கார்ந்து தேயிலை சலிக்கும் வேலை கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டு வந்ததற்காக வேலையிலிருந்து பெயர் வெட்டப்போவதாக ஜனவரியில் மிரட்டிய அதே மனிதர். இப்போது "சாமி" என்கிறார்.

வெள்ளி மட்டும் இல்லை. செவ்வாயும்.

அக்டோபர் 14

வயிறு வீங்கியிருக்கிறது. கண் மஞ்சள். லியனார்ட் பார்க்க வந்தால், சாமியை ஊசி குத்தக் கூடாது என்று வாசலில் மறிக்கிறார்களாம்.

பூரணி பீலிக்குப் போன நேரம் பார்த்து, நல்லமுத்து என் சட்டையைப் பிடித்தார். "என்னக் கூட்டிட்டுப் போயிருங்க மச்சான். ஒங்க வீட்டுல ஒரு ரூமுக்குள்ள போட்டுப் பூட்டிருங்க. கத்துனாலும் தொறக்காதீங்க."

"இங்க வேணாம்னு சொல்லுங்களேன்."

"சொல்லாம இருப்பேனா? நான் வேணாங்குறேன்னா முனி சோதிக்குதுன்னு இன்னும் ஒரு போத்தல் வைக்கிறாங்க. காலையில எந்திரிச்சா கை நடுங்குது. அது கைக்கு வர்ற சாமின்னு கும்பிடுறாங்க. அப்புறம் எனக்கும் வேண்டித்தான் இருக்கு மச்சான். வாய்தான் வேணாங்குது. வேண்டித்தான் இருக்கு."

நவம்பர் 7, புதன்

வெள்ளியும் செவ்வாயும் இல்லாத நாளாகப் பார்த்து, ஹட்டனிலிருந்து கார் பிடித்துப் போனேன். என் வீட்டுப் பின்னறையைக் காலி செய்து வைத்திருந்தேன். லியனார்ட் தினமும் வருவதாகச் சொல்லியிருந்தார்.

காரைப் பார்த்ததும் லயத்து ஆட்கள் பாதைக்கு வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை. நின்றார்கள்.

பூரணியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "அவரே கேட்டாரு. இங்க விட்டா செத்துருவாரு."

"தெரியும்ணே."

"தெரிஞ்சா அனுப்பு."

அவள் கண்கலங்கவில்லை. நிதானமாகப் பேசினாள். "இருபது வருசம் இந்த லயத்துல குடிகாரன் பொண்டாட்டின்னுதான் பேரு. பீலியில நான் கொடத்த வச்சா தள்ளிவிட்டுட்டுப் புடிப்பாளுக. வாந்திய அள்ளிக் கொட்டிட்டு வந்தா மூக்கப் பொத்துவாளுக. இப்ப நான் வந்தா எல்லாரும் கொடத்த எடுத்துட்டு ஒதுங்குறாளுக. அழகம்மாவக் கேட்டு ரெண்டு எடத்துலருந்து வந்திருக்காங்க. முன்னாடி ஒரு நாய் வந்துச்சா? இவரு இப்பப் போனா, சாமியக் கொண்டுபோய் ஒளிச்சவன்னு என்னச் சொல்லுவாங்க. அங்க போனா மட்டும் பொழைச்சுருவாருன்னு ஒங்களால சொல்ல முடியுமா?"

நிச்சயம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிச்சயமில்லாததை நிச்சயம் என்று எழுதிப் பழகியவன் இல்லை.

அழகம்மா கதவோரம் நின்றாள். "மாமா, கூட்டிட்டுப் போங்க," என்றாள். பூரணி அவள் பக்கம் திரும்பவில்லை.

உள்ளே போனேன். குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டி உட்கார வைத்திருந்தார்கள். காலைக் கிளாஸ் கொடுத்தாயிற்று என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. "கார் வந்திருக்கு, எந்திரிங்க," என்றேன். என்னை நெடுநேரம் பார்த்தார். தட்டிலிருந்து திருநீறு எடுத்து என் நெற்றியில் இட்டார். வெளியே நின்றவர்களில் யாரோ "முனி" என்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

காரில் தனியாகத் திரும்பினேன்.

டிசம்பர் 23

போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

1963 ஜனவரி 17

நல்லமுத்து காலையில் இறந்துவிட்டார். பொங்கல் கழிந்து மூன்றாம் நாள். லியனார்டின் கணக்கு ஓரளவு தப்பு.

ஜனவரி 19

அடக்கத்துக்குத் தோட்டத்தின் மூன்று பிரிவிலிருந்தும் ஆட்கள். ஸ்டோரை அரை நாள் நிறுத்தினார்கள். லியனார்ட் கூட்டத்துக்குப் பின்னால், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சர்டிபிகேட்டுல ஈரல்னு எழுதியிருக்கேன்," என்றார். வேறு என்ன எழுத முடியும் என்று கேட்டேன். "எனக்கும் தெரியல," என்றார்.

மார்ச் 1, வெள்ளி

அழகம்மாவின் கல்யாணம் சித்திரையில். மாப்பிள்ளை குடிப்பதில்லை என்று அவளே விசாரித்திருக்கிறாள். யாரிடம் விசாரித்தாய் என்றேன். "தவறணக்காரன்கிட்ட," என்றாள்.

அந்தப் பேச்சு முடிந்ததும் பூரணி என்னை ஸ்டோருக்குப் பின்னால் கூட்டிப்போனாள். ரோதைமுனிக்குப் பக்கத்தில் இன்னொரு கல் நட்டிருக்கிறார்கள். சின்னக் கல். புதுக் குங்குமம். பொன்னையாவும் ஸ்டோர்க்காரர்களும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். சோறு, கறி, சுருட்டு, கிளாஸ்.

பூரணி போத்தலை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க ஊத்துங்கண்ணே. மச்சான் மொறைக்கு நீங்கதான். ஒங்க கையால குடுத்தா வாங்கிக்குவாரு."

எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளும் நின்றார்கள், தட்டோடு.

ஊற்றினேன். பாதிக் கிளாஸில் நிறுத்தினேன்.

"நெறைய ஊத்துங்க," என்றாள் பூரணி.